துண்டுக்கு அடியில் இருந்த விலை

புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். வெளிச்சம் முழுசாக வருவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும், அதனால் பார்க்க ஆசைப்பட்டால் நாலரைக்கே எழுந்து போக வேண்டும். முதல்முறை போனபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். கைகள்மேல் ஒரு துண்டு கிடக்கிறது. ஒருவர் எங்கேயோ பார்க்கிறார், இன்னொருவர் "அட போய்யா" என்று கையை உதறுகிறார், பிறகு அவரே மறுபடி கையைத் துண்டுக்குள் விடுகிறார். வாயில் ஒரு எண்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆடு கைமாறிவிட்டது.

துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். எத்தனை விரல் என்பது ஆயிரமா நூறா என்று அவர்களுக்குத் தெரியும். "எதுக்கு மறைக்கணும்?" என்று கேட்டேன். "தெரிஞ்சா அடுத்தவன் அதே வெலைக்குக் கேப்பான்ல தம்பி" என்றார். ஆட்டுக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கிற தரகருக்கு மட்டும் அன்றைக்குச் சந்தையில் ஓடுகிற எல்லா விலையும் தெரியும். அவருடைய பிழைப்பே அதுதான்.

அங்கிருந்து நேராக உழவர் சந்தைக்குப் போனேன். வாசலில் ஒரு பலகை. கத்தரி, வெண்டை, முருங்கை, தேங்காய் என்று வரிசையாக எழுதி எதிரில் அன்றைய விலை. கையில் துணிப்பையுடன் வந்த ஒரு அக்கா பலகையைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில், ஒரே காலையில், ஒரு இடத்தில் விலை துணிக்கு அடியில் இருக்கிறது, இன்னொரு இடத்தில் பலகையில் இருக்கிறது. இந்த ஊரில் விலை எப்படி வெளியே வந்தது, முழுசாக வந்ததா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்க்கிறேன்.

*

புதுக்கோட்டையில் வியாபாரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் கொடும்பாளூருக்குப் போவார்கள். நானும் போகிறேன், ஆனால் சீக்கிரம் திரும்பிவிடுவேன். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகிற பழைய வழியில் இருந்த ஊர் அது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் இடத்தில் 'கொடும்பை' என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். இருக்குவேளிர்களின் தலைநகர். இன்றைக்கு மூவர் கோவில் பார்க்கப் போகிறவர்கள் அங்கே ஒரு பெரிய வணிகக் குழு இருந்ததை நினைப்பதில்லை. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்று கல்வெட்டுகள் சொல்லும் குழு. மணிக்கிராமம் என்ற பெயர் கடல்தாண்டியும் கிடைத்திருக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபா பக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. ஊர்விட்டு ஊர் போய், கடல் தாண்டிப் போயும் வியாபாரிகள் காவல் காத்தது ஒரு குளத்தை! ஜீவநதி இல்லாத, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை நம்பிப் பிழைக்கிற மாவட்டத்துக்காரனுக்கு இதைப் படிக்கும்போது லேசாகச் சிரிப்பு வரும். கம்மாயில் தண்ணி இருந்தால்தான் சந்தைக்குச் சரக்கு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் கல்வெட்டுகளில் எனக்கு வேண்டியது வேறு இரண்டு சொற்கள். ஒன்று 'தரகு'. பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலிலேயே அது இருக்கிறது. தரகருடைய வருமானத்தில் அரசனுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது, அதனால் தரகரை ஒழிக்க வேண்டும் என்று அரசனுக்குத் தோன்ற நியாயமில்லை. இன்னொன்று 'அங்காடிப் பாட்டம்', கடைவீதிக்கான வரி. கூடவே அளவைகளைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. கடவுள் பெயரை வைத்த மரக்கால்! அளவுக்குச் சாமி பேர் வைக்கிற அளவுக்கு அதில் தகராறு இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன், இது என் ஊகம் மட்டும்தான். கல்லில் வணிகர் இருக்கிறார், நகரம் இருக்கிறது, கோவில் இருக்கிறது. கூடையில் கீரை கொண்டுவந்த பெண் இல்லை. அவளுக்குக் கல் வெட்ட யார் காசு கொடுப்பார்கள்?

*

அவளை அல்லது அவள் வீட்டுக்காரரைச் சந்தைக்குத் தள்ளியது, என் கணக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு வரிச் சீர்திருத்தம்.

புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனி அரசு. அந்தச் சமஸ்தானத்தில் நீண்ட காலம் நிலவரி வாங்கிய முறைக்கு அமானி என்று பெயர். காசாக இல்லை, விளைச்சலில் பங்காக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, விளைந்தால் கொடு, விளையாவிட்டால் கொடுக்காதே. நடைமுறை அப்படி இல்லை. கதிர் முற்றி நின்றாலும் அதிகாரி வந்து பார்க்காமல் அறுக்க முடியாது. அறுத்துக் களத்தில் குவித்த நெல்லை, அரண்மனைப் பங்கைப் பிரிக்கும்வரை தொட முடியாது. அதற்குக் காவலாள், காவலாள் சரியாகக் காக்கிறானா என்று பார்க்க மேலாள், இத்தனை பேருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். மழை வந்தால் குவியலோடு நனையும். அப்படி வந்த நெல் அரண்மனைக் களஞ்சியத்தில் கிடந்து பிறகு விற்பனைக்கு வரும். அதாவது ஊரிலேயே பெரிய நெல் வியாபாரி அரசாங்கம்தான்.

1878இல் திவானாக வந்த ஏ. சேஷையா சாஸ்திரி இதை மாற்றினார். அவர் பெயரைப் புதுக்கோட்டைக்காரர்கள் நகரத்தை ஒழுங்குபடுத்தியதற்காகவும், ஊருணி குளங்களைத் தூர்வாரியதற்காகவும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நேர்கோட்டில் ஓடுகிற ராஜவீதிகளில் நடக்கும்போது வெளியூர் நண்பர்கள் "உங்க ஊர் பிளான் பண்ணிக் கட்டினதா?" என்று கேட்பார்கள். ஆனால் வீதிகளைவிட அமானியை ஒழித்ததுதான் பெரிய வேலை என்பேன். பங்கு போய், தீர்வை காசாக ஆனது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெல்லைப் பங்காகக் கொடுத்தவரையில் விவசாயிக்கு விலை என்ன என்பது அவ்வளவு முக்கியமில்லை. காசாகக் கட்டு என்றதும், கிஸ்தி நாளுக்குள் நெல்லையோ கடலையையோ காசாக்கியாக வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கப் போனால் விலை விழும். விழுந்த விலையில் வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவரே அடுத்த விதைப்புக்கு முன்பணமும் தருவார். அதிகாரியின் காவல் போன இடத்தில் வியாபாரியின் கணக்குநோட்டு வந்து உட்கார்ந்தது. இந்தக் கணக்குநோட்டை மறந்துவிடாதீர்கள், கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

காசு என்றதும் அம்மன் காசு. திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செம்புத் துண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஒரு அணாவுக்கு 20, ஒரு ரூபாய்க்கு 320. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு அணாவுக்கு 12 பை. அதாவது சமஸ்தானத்துக்குள் இன்னும் சின்னதாகச் சில்லறை உடைக்க முடிந்தது. நாணயம் சேகரிப்பவர்கள் இதை அபூர்வம், அழகு என்று பேசுவார்கள். நான் இதைச் சந்தையில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, இரண்டு மிளகாய், கொஞ்சம் புளி வாங்குகிறவளுக்கு அணா பெரிய காசு. அம்மன் காசு அவள் அளவுக்கு இருந்தது. நவராத்திரியில் அரண்மனை தானமாகக் கொடுத்த அரிசியோடு இந்தக் காசும் சேர்ந்து வந்தது என்பதால், ஏழை வீட்டுக்குப் பண்டிகையோடு வந்த சில்லறை அது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது, தராசு வந்தது. சென்னை மாகாணத்தில் 1933லேயே வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கு ஒரு சட்டம் போட்டு, 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்திருந்தார்கள். புதுக்கோட்டை அப்போது அந்த மாகாணத்திலேயே இல்லை. பிறகு 1956இல் எடை அளவைச் சட்டம், 60களின் தொடக்கத்தில் கிலோ கட்டாயமானது. என் அப்பத்தா கடைசிவரை கத்தரிக்காயை வீசையில்தான் சொல்வார். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. "கிலோனு சொல்லி வீசைக் காசு வாங்குறான்" என்பது அவருடைய நிரந்தரப் புகார். புதுத் தராசு வந்தபோது ஏமாந்தது யார் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சியம் அதுதான்.

சந்தையில் எடையைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது, கூறு. தக்காளியை, மாங்காயைக் குவித்துக் கூறு கட்டி வைப்பது. கூறு இவ்வளவு, எடுத்துக்கோ. தராசு வாங்க வசதியில்லாதவர்கள் விற்ற முறை அது. வாங்குகிறவர் கண்ணால் எடைபோட வேண்டும். மேலே பெரிசு, அடியில் சொத்தை என்பது கூறுக்கே உரிய கலை. கூடவே கொசுறு. மல்லித்தழைக்கு யாரும் காசு கேட்ட ஞாபகம் என் சின்ன வயதில் இல்லை. பேரம் பேசிப் பிடிவாதமாக நின்ற ஆத்தாவுக்குக் கடைசியில் இரண்டு பச்சைமிளகாய் கூடப் போட்டுச் சண்டையை முடிப்பது.

வாரச்சந்தைகள் ஏலத்தில் ஓடின, இன்றும் ஓடுகின்றன. ஊராட்சியோ நகராட்சியோ சந்தையை ஆண்டுக்கு ஏலம் விடும். எடுத்தவர் கடைபோடுகிறவர்களிடம் சுங்கம் வசூலிப்பார். சாக்குப் படுதா விரித்தவருக்கும் சுங்கம், ஆட்டுக்கும் சுங்கம். விற்றதோ இல்லையோ, உட்கார்ந்தால் காசு. பத்து கட்டுக் கீரையோடு வருகிறவருக்கு இது கட்டாது. அவர் மண்டிக்குப் போவார். மண்டியில் சிட்டை போடுவார்கள், எடைக்கூலி, இறக்குகூலி, கமிஷன் என்று வரிசையாகக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். சில நாள் அந்த மீதி பஸ்ஸுக்குக்கூடப் போதாது.

*

இங்கே கொஞ்சம் நின்று சைக்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்தை பற்றிய கட்டுரையில் சைக்கிள் எதற்கு என்று தோன்றலாம். எனக்கு அது இல்லாமல் இந்தக் கதை நகராது.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்க ஊர் ஊராகப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸையும் ஆண்களையும் நம்பி நின்றதுதான் காரணம். கொஞ்ச நாளில் அது இயக்கத்தை மீறி வளர்ந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவருடைய அந்தக் கட்டுரை இந்திப் பாடப்புத்தகத்தில் சேர்ந்து, வடக்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படித்தார்கள். நம்ம ஊர் கதையை நாம் படித்தோமா என்று கேட்காதீர்கள்.

அந்த நாட்களில் பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போனது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பி இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று, பிள்ளையை உட்கார வைக்கலாம். கேரியரில் தண்ணீர்க் குடம். இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். சாய்நாத் போகிற போக்கில் சொல்கிற இன்னொன்று, எனக்கு முக்கியமானது: விளைபொருள் விற்கிற பெண்கள் சிலருக்கு வருமானம் கூடியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று, ஒரு ஊரோடு நிற்காமல் நாலு ஊர் போய் விற்க முடிந்தது.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வருகிற ஒரே வியாபாரி சொல்கிற விலைதான் விலை என்று இருந்த பெண், பக்கத்து ஊருக்குப் போனதும் அங்கே வேறு விலை ஓடுவதைப் பார்க்கிறாள். துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிற தரகரிடம் இருந்த அந்த ஒன்று, அடுத்த இடத்தில் என்ன விலை என்கிற தகவல், கொஞ்சம் அவள் கைக்கும் வந்துவிட்டது. அதுவரை வீட்டில் விளைச்சலை ஆண் கொண்டுபோய் விற்று, ஆண் கொண்டுவந்த கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாவட்டத்தில் சைக்கிளுக்கு வந்த எதிர்ப்பும் கேலியும் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசின. கொஞ்சம் கணக்கைப் பற்றியும் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

*

பிறகு எட்டு ஆண்டுகள் கழித்து உழவர் சந்தை வருகிறது. 1999 நவம்பர் 14, மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். யோசனை புதிதில்லை. பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி', ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்'. கடல்தாண்டிப் போனால் நியூயார்க்கில் 1976இல் 'கிரீன்மார்க்கெட்' தொடங்கியிருந்தார்கள். கலிபோர்னியாவில் காய்கனியை இந்த அளவில், இப்படிப் பெட்டி கட்டித்தான் விற்க வேண்டும் என்று விதி இருந்ததால் விவசாயி நேரடியாக விற்க முடியாமல் இருந்தது. 1977இல் அதைத் தளர்த்திய பிறகுதான் அங்கே விவசாயிகள் சந்தை பெருகியது. இன்று இன்ஸ்டாகிராமில் வார இறுதி உழவர் சந்தை என்று பார்க்கிற அழகான படங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு அலுப்பூட்டும் விதித்திருத்தம் இருக்கிறது.

நம்ம ஊர் உழவர் சந்தையில் எனக்குப் பிடித்ததும் அதன் அலுப்பூட்டும் பகுதிதான். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையும் நிலத்தைச் சரிபார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தருவார்கள். என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று பதிவு இருக்கும், வெண்டை போட்டவர் ஊட்டி கேரட் விற்றால் மாட்டிக்கொள்வார். கடைக்கு வாடகை இல்லை, சுங்கம் இல்லை, கமிஷன் இல்லை. தராசு அரசாங்கத்தது, காலையில் வாங்கி மதியம் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலை தினமும் காலையில் முடிவாகும்: மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. அதைப் பலகையில் எழுத வேண்டும். கருணாநிதியின் திட்டங்களில் இலக்கிய வாசகர்கள் அதிகம் பேசாதது இது. மேடையில் சொல்ல ஒன்றுமில்லாத, ஆனால் நன்றாக யோசித்த ஏற்பாடு. பல ஊர்களில் சுமைக்குக் கட்டணம் இல்லாமல் அதிகாலை பஸ்ஸும் விட்டார்கள். எட்டு வருஷம் முன்னால் சைக்கிள் கேரியர் செய்த வேலையை இப்போது பஸ் செய்தது.

2001இல் ஆட்சி மாறியதும் இந்தச் சந்தைகளை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பல இடங்களில் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. ஒரு காய்கறிச் சந்தைக்குக் கட்சி நிறம் பூசுவது நம்மால் மட்டும்தான் முடியும்.

போகிறவர்களுக்கு, பழகியவன் என்ற முறையில் சில விஷயம். முதலில் பலகை, பிறகு கடை. ஆறு மணிக்குப் போனால் கீரையில் பனி இருக்கும், பத்தரைக்குப் போனால் பேரம் இருக்கும், இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. கடைக்காரர் கை மண்ணைப் பாருங்கள் என்று என் சித்தி சொல்வார், எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். "எந்த ஊரும்மா?" என்று கேட்டால் போதும், வயலிலிருந்து மாட்டுவரைக்கும் சொல்லிவிடுவார்கள். தையில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும், சித்திரையில் வெள்ளரிப்பிஞ்சும் என்று காலத்தோடு வருவதை வாங்கினால் விலை தானாகக் குறைவாக இருக்கும். பை கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது, மஞ்சப்பையை அரசாங்கமே 2021இல் மறுபடி அறிமுகப்படுத்தியது. என் அப்பத்தா இருந்திருந்தால் "நான் எப்ப விட்டேன், மறுபடி கொண்டாற?" என்றிருப்பார்.

*

ஆனால் வைகாசி ஆனியில் உழவர் சந்தைக்குள் நின்று பலாப்பழத்தைத் தேடிப் பாருங்கள். மாவட்டத்தின் கிழக்கே வடகாடு, கீரமங்கலம் பக்கம் வீட்டுக்கு வீடு பலா. சாலையோரத்தில் குவித்துவைத்து விற்பார்கள், லாரியில் ஏறும். உழவர் சந்தையில் அந்தப் பலாக்காரர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

ஒருமுறை ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். "ஒரு பழம் பதினஞ்சு கிலோ. பஸ்ஸுல எத்தன ஏத்துவ? ஒரு மரத்துப் பழம் பத்து நாள்ல பழுத்துரும். நான் தராசுல வச்சு ஒண்ணொண்ணா வித்துக்கிட்டு உக்காந்தா மிச்சம் மரத்துலயே வெடிச்சிரும் தம்பி." அவர் மரத்தைப் பிஞ்சாக இருக்கும்போதே குத்தகைக்குக் கொடுத்துவிடுகிறார். பணம் முன்னாலேயே வந்துவிடும். மகள் காலேஜ் ஃபீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டினார். பழம் நன்றாகக் காய்த்து விலை ஏறினால் லாபம் குத்தகைக்காரருக்கு. காற்றடித்துக் கொட்டினால் நஷ்டமும் அவருக்கு.

பூவும் அப்படித்தான். கீரமங்கலத்தைச் சுற்றி மல்லிகை, முல்லை, காக்கரட்டான், சம்பங்கி. விடிவதற்குள் பறிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் விற்க வேண்டும். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் அள்ளிக்கொட்ட வேண்டிய விலை. கமிஷன் கடைக்காரர்தான் வாங்குகிறார். உரம் வாங்கப் பணம் வேண்டுமென்றாலும், ஆஸ்பத்திரிச் செலவென்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். கடனை வாங்கிய பிறகு பூவை வேறு கடையில் போட முடியாது.

இதுதான் நான் சொன்ன கணக்குநோட்டு. உழவர் சந்தை கமிஷனை எடுத்துவிட்டது, தராசைச் சரிசெய்தது, விலையைப் பலகையில் எழுதியது. முன்பணம் தரவில்லை, தரவும் அதற்கு வழியில்லை. இடைத்தரகரை வில்லனாகவே பார்த்து நாம் எழுதிய கதைகளில், அவர் நள்ளிரவில் கடன் தருகிற ஒரே ஆளாகவும் இருந்தார் என்பது அவ்வளவாக வரவில்லை. வட்டியை விலையில் வைத்து எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். பலகையால் அந்த விலையை எழுத முடியாது, ஏனென்றால் அது அன்றைய விலையே இல்லை, ஆறு மாதம் முன்னால் பேசி முடித்த விலை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தது. அந்தக் கிழக்குப் பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த பலாமரம் விழுந்தால் இன்னொன்று காய்க்க நாம் கிழவர்களாகிவிடுவோம். மரம் போனது, கடன் போகவில்லை. தென்னை விழுந்த இடத்தில் சிலர் வெண்டையும் கீரையும் போட்டதைப் பார்த்தேன். கீரை இருபத்தைந்து நாளில் காசாகும், வெண்டை ஒன்றரை மாதத்தில். தோப்புக்காரர் என்று பெயரெடுத்தவர்கள் சாக்கோடு அதிகாலை பஸ்ஸில் ஏறியது அதற்குப் பிறகுதான். சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். "நான் போனா செலவில்ல, அவரு போனா ரெண்டு பக்கமும் டிக்கெட்டு. அதான் நானே வந்துர்றேன்" என்று ஒரு அக்கா கணக்குச் சொன்னார். காசையும் அவர்தான் எண்ணி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

போன மாசம் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். மணி பதினொன்று தாண்டியிருந்தது. தராசைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்து, விற்காமல் மிஞ்சிய கத்தரிக்காயை வாசலுக்கு வெளியே சாக்கு விரித்துக் குவித்துக்கொண்டிருந்தார். நாலு கூறு. நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதப் பாக்காத தம்பி, அது உள்ளுக்கு. கூறு இருவது, எடுத்துக்க. பன்னெண்டே காலுக்கு பஸ்ஸு."

அடியில் சொத்தை இருக்கிறதா என்று ஒரு காயைப் புரட்டப் போனேன். கையில் லேசாக ஒரு அடி விழுந்தது. இரண்டு கூறு வாங்கினேன், கொசுறாக நாலு பச்சைமிளகாய் போட்டார்.